க்ளோசிங் தாளுக்குப் பின்னால் ஓடும் கணக்கு

டெக்சாஸில் ஃப்ரிஸ்கோ பக்கம் வீடு வாங்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 4 லட்சம் டாலர் கடன், 6.57 சதவீத வட்டி, வருடத்துக்கு 8,760 டாலர் சொத்து வரி. செப்டம்பர் 18, வியாழக்கிழமை க்ளோசிங் (கையெழுத்துப் போட்டு, பணம் கைமாறி, வீடு கைக்கு வரும் நாள்) என்று எல்லாம் பேசி முடித்தாயிற்று. கடைசி நேரத்தில் விற்பவர், வீட்டைக் காலி செய்ய இன்னும் ஒரு வாரம் வேண்டும் என்கிறார். சரி, 25-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கிறார்கள். விலை அதேதான், கடன் அதேதான், வட்டியும் அதேதான். ஆனால் திருத்தி வந்த க்ளோசிங் கணக்குத் தாளில், கையில் கொண்டுவர வேண்டிய பணம் 672 டாலர் குறைந்திருக்கிறது.

எங்கே போயிற்று இந்த 672? இரண்டு இடத்தில் தேட வேண்டும். முதலாவது, வரி. டெக்சாஸில் சொத்து வரி ரசீது அக்டோபர் வாக்கில்தான் வரும், அடுத்த ஜனவரி 31-க்குள் கட்டலாம். அதாவது அந்த வருடத்து வரி முழுவதையும் கட்டப் போகிறவர் புதிதாக வந்தவர். ஜனவரி 1 முதல் வீட்டில் இருந்தவரோ பழையவர். அதனால் பழையவர் தன் நாட்களுக்கான பங்கை க்ளோசிங் அன்றே கொடுத்துவிட வேண்டும். 8,760-ஐ 365 ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு 24 டாலர். செப்டம்பர் 17 வரை 260 நாள், 6,240 டாலர். ஒரு வாரம் தள்ளினால் 267 நாள், 6,408 டாலர். வாங்குபவருக்கு 168 டாலர் கூடுதல் வரவு. இரண்டாவது, வட்டி. க்ளோசிங் நாளிலிருந்து அந்த மாதக் கடைசி வரைக்குமான வட்டியை முன்கூட்டியே வாங்கிவிடுவார்கள். ஒரு நாளைக்கு 72 டாலர். 18 முதல் 30 வரை 13 நாள், 936 டாலர். 25 முதல் 30 வரை 6 நாள், 432 டாலர். இங்கே 504 மிச்சம். இரண்டையும் கூட்டினால் 672.

கணக்கு நான்காம் வகுப்புப் பிள்ளைகூடப் போடக்கூடியதுதான். ஆனால் தேதி ஒன்று மாறினால் மாறுவது இந்த இரண்டு எண் மட்டுமில்லை. விற்பவருடைய பழைய கடனை அடைக்க வேண்டிய தொகை நாளுக்கு நாள் வட்டி ஏறி மாறும். குடியிருப்போர் சங்கத்துக்குக் கட்டிய சந்தாவில் இருவருடைய பங்கும் மாறும். வீட்டுக் காப்பீடு தொடங்கும் தேதி மாறும். விற்ற தொகையை வருமான வரித்துறைக்குத் தெரிவிக்கும் 1099-எஸ் படிவத்தில் தேதி மாறும். க்ளோசிங் அக்டோபருக்குப் போய்விட்டால் முதல் தவணையே நவம்பரிலிருந்து டிசம்பருக்கு நகர்ந்து, எஸ்க்ரோ கணக்கில் (வரியும் காப்பீடும் கட்டுவதற்காகக் கடன் தருபவர் மாதாமாதம் வாங்கிச் சேர்த்து வைக்கும் கணக்கு) எத்தனை மாத வரியை முன்னால் போட்டு வைக்க வேண்டும் என்பதும் சேர்ந்து மாறும். இவ்வளவையும் ஒரே பெட்டியில் ஒரு தேதியை மாற்றி முடிப்பதற்காகத்தான் க்ளோசிங் மென்பொருள் என்று ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது.

நம் ஊர்ப் பழக்கத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று எடுத்து, சார்பதிவாளர் முன்னால் உட்கார்ந்து பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது. பணம் எப்படிக் கைமாறியது என்பது பெரும்பாலும் வாங்குபவர், விற்பவர், வங்கி இவர்களுக்குள் உள்ள விஷயம். அமெரிக்காவில் கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) அலுவலகம் பத்திரத்தைப் பதிந்து வைக்குமே தவிர, இந்த ஆள்தான் உரிமையாளர் என்று உறுதி தராது. அந்த உறுதியைக் காப்பீடாக விற்பது டைட்டில் (சொத்துரிமை) கம்பெனி. டெக்சாஸ், கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களில் அந்தக் கம்பெனியோ எஸ்க்ரோ கம்பெனியோ, ஜார்ஜியா, மாசசூசெட்ஸ் போன்ற இடங்களில் வழக்கறிஞரோ நடுவில் நின்று எல்லோருடைய பணத்தையும் தன் கணக்கில் வாங்கி, எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிறார். அடுத்தவர் பணம் லட்சக்கணக்கில் அவர் கையில் ஒரு நாள் தங்குகிறது. படிவத்தின் மேல் சட்டத்துக்கு இவ்வளவு அக்கறை வந்தது அதனால்தான்.

1974-ல் ரெஸ்பா சட்டம் வந்தது. வீட்டுக்கடன் வேலையில் ஒருவருக்கொருவர் ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குவதைத் தடை செய்த சட்டம் அது. அதன் கீழ் ஒரே மாதிரியான கணக்குத் தாள் நாடு முழுவதும் வந்தது. அதன் பெயர் ஹட்-1. அதில் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு வரி எண் உண்டு. 700-இல் தொடங்கினால் தரகர் கமிஷன், 800 என்றால் கடன் தருபவர் வாங்கும் கட்டணம், 1000 என்றால் எஸ்க்ரோ, 1100 என்றால் டைட்டில், 1200 என்றால் அரசுக்குப் போவது. இந்தத் தொழிலில் பழுத்தவர்கள் இன்றைக்கும் "அது பதினொன்னு நூறு சீரிஸ்" என்று பேசுவதைக் கேட்கலாம்.

தட்டச்சு இயந்திரக் காலத்தில் இந்தத் தாளைத் தயாரிப்பது தலைவலி பிடித்த வேலை. ஒரு பதிவுக் கட்டணம் மாறினால் 1200-இல் மாற்ற வேண்டும், அதன் கூட்டுத்தொகை முதல் பக்கத்தில் 103-ஆம் வரிக்குப் போகும், அங்கிருந்து 303-ஆம் வரியில் வாங்குபவர் தரவேண்டிய பணத்துக்குப் போகும். ஒன்றை மறந்தால் கணக்கு நிற்காது. தனி மேசைக் கணினி வந்ததுமே இதற்கு மென்பொருள் எழுதத் தொடங்கினார்கள். வட கரோலினாவின் சாஃப்ட்ப்ரோ 1984-ல் தொடங்கிய கம்பெனி, இன்றும் இந்தத் துறையில் பெரிய பெயர். டெக்சாஸின் ராம்குவெஸ்ட் இன்னொன்று. வலை வழியாகவே இயங்கும் குவாலியா 2015-ல் வந்தது. ஹட்-1 தாளின் எண் வரிசையே பாதி நிரல் எழுதிக் கொடுத்தது போல இருந்ததால், அந்தக் காலத்து மென்பொருளுக்கு வேலை எளிது: வரிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு கூட்டல்.

ஆனால் வாங்குபவருக்கு அது எளிதாக இல்லை. ஹட்-1 தாளை ஒரு வேலை நாள் முன்னால் கேட்டுப் பார்க்கும் உரிமை சட்டத்தில் இருந்தது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. வாடகை வீட்டைக் காலி செய்து, சாமான்களை வண்டியில் ஏற்றிவிட்டு வந்து மேசையில் உட்காரும்போதுதான் உண்மையான எண்ணைப் பார்த்தவர்கள் ஏராளம். அந்த நேரத்தில் யார் எழுந்து போவார்கள்? கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுவார்கள். 2008 நெருக்கடிக்குப் பிறகு வந்த டாட்-ஃப்ராங்க் சட்டமும், அது உருவாக்கிய நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பும் கை வைத்த இடங்களில் இது ஒன்று. 1968-ன் கடன் உண்மைச் சட்டம் கேட்ட படிவங்களும், 1974-ன் ரெஸ்பா கேட்ட படிவங்களும் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கி இரண்டே தாள் ஆக்கினார்கள். விண்ணப்பித்த மூன்று வேலை நாளுக்குள் லோன் எஸ்டிமேட், மூன்று பக்கம். கையெழுத்துக்கு மூன்று வேலை நாள் முன்னால் கைக்கு வந்துசேர வேண்டியது க்ளோசிங் டிஸ்க்ளோஷர், ஐந்து பக்கம். 2015 ஆகஸ்ட் 1 என்று முதலில் அறிவித்து, பின்பு தள்ளிப்போய், அக்டோபர் 3-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. தொழிலில் இதை டிரிட் என்பார்கள். ரிவர்ஸ் மார்ட்கேஜ் (வயதானவர்கள் சொந்த வீட்டின் மதிப்பின் மேல் வாங்கும் கடன்) போன்ற சில கடன்களுக்கு மட்டும் ஹட்-1 இன்னும் உயிரோடு இருக்கிறது.

இந்த மாற்றம் மென்பொருளைப் புரட்டிப் போட்டது. எண்கள் போய் ஏ (A) முதல் என் (N) வரை எழுத்துகள் வந்தன. ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் கட்டணங்கள் அகர வரிசையில் வர வேண்டும், டைட்டில் சம்பந்தப்பட்ட ஒவ்வொன்றும் 'டைட்டில்' என்ற சொல்லில் தொடங்க வேண்டும் என்பதுவரை விதி இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரே கட்டணம் எங்கே உட்கார வேண்டும் என்பது இப்போது அதன் இயல்பைப் பொறுத்ததல்ல, யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பொறுத்தது. கடன் தருபவர் ஒரு பட்டியல் கொடுத்து, அதிலிருந்தே டைட்டில் கம்பெனியை நீங்கள் எடுத்தால் அதன் கட்டணம் பி பிரிவில் வரும். பட்டியலுக்கு வெளியே நீங்களாகத் தேடிப் பிடித்தால் சி பிரிவில் வரும். ஒரே ஆள், ஒரே வேலை, ஒரே தொகை. ஆனால் எந்தப் பிரிவு என்பதில்தான் உங்கள் பாதுகாப்பு இருக்கிறது. கடன் தருபவர் தனக்கு வாங்கும் கட்டணம் எஸ்டிமேட்டில் சொன்னதைவிட ஒரு டாலர்கூட ஏறக் கூடாது. பட்டியலில் இருந்து எடுத்தவையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 10 சதவீதத்துக்கு மேல் ஏறக் கூடாது. நீங்களாகத் தேடியவற்றுக்கு இந்த வரம்பு இல்லை. தகுந்த காரணமில்லாமல் வரம்பைத் தாண்டினால் கடன் தருபவர் 60 நாளுக்குள் திருப்பித் தர வேண்டும். ஒரு எழுத்தைத் தவறாகப் போட்டால், திரும்ப வேண்டிய பணம் திரும்பாமலே போகலாம்.

இன்னொரு பெரிய மாற்றம் வெளியே தெரியாது. ஹட்-1 காலத்தில் தாளைத் தயாரித்தவர் டைட்டில் கம்பெனி. 2015-க்குப் பிறகு, வாங்குபவரின் க்ளோசிங் டிஸ்க்ளோஷருக்குச் சட்டப் பொறுப்பு கடன் தருபவருடையது. அவர்களிடம் என்காம்பஸ் மாதிரி வேறு மென்பொருள் ஓடுகிறது. டைட்டில் கம்பெனியிடம் வேறு. கடன் தருபவர் வட்டி, கட்டணம், எஸ்க்ரோ எல்லாம் அறிவார். விற்பவரின் பழைய கடன், தரகர் கமிஷன், வரிப் பங்கீடு எல்லாம் டைட்டில் கம்பெனிக்குத்தான் தெரியும். இரண்டு பக்கமும் ஒரே எண்ணுக்கு வந்து சேரும் வரை மின்னஞ்சல் போகும், வரும். இதை 'பாலன்ஸ்' செய்வது என்கிறார்கள். க்ளோசிங்குக்கு முந்தின நாள் மாலையில் "லெண்டரோட இன்னும் பாலன்ஸ் ஆகலை" என்று பதில் வந்தால், யாரோ இரண்டு பேர் இரண்டு திரைகளை வைத்துக்கொண்டு 38 டாலரையோ 112 டாலரையோ தேடிக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். வீட்டுக்கடன்களைக் கடன் தருபவர்களிடமிருந்து வாங்கும் ஃபேனி மே, ஃப்ரெடி மேக் என்ற நிறுவனங்கள் இரண்டும் 2017 செப்டம்பர் 25 முதல், தாங்கள் வாங்கும் கடன்களுக்கு இந்தப் படிவத்தின் விவரங்களை ஒரே தரவு வடிவில் கேட்கத் தொடங்கியதில் நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனாலும் அந்தத் தேடல் நிற்கவில்லை.

நண்பர்கள் பலர் இந்த ஐந்து பக்கத்தை எனக்கு அனுப்பி, "இந்த எண் மட்டும் புரியவில்லை" என்று கேட்பார்கள். பத்தில் எட்டுப் பேர் கேட்பது டைட்டில் காப்பீட்டைப் பற்றித்தான். நியாயமான குழப்பம் அது. காப்பீடு இரண்டு: கடன் தருபவருக்கு ஒன்று, வாங்குபவருக்கு ஒன்று. டெக்சாஸில் பிரீமியத்தை மாநிலக் காப்பீட்டுத் துறையே நிர்ணயிக்கிறது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் ஒரே விலை. இரண்டையும் ஒன்றாக எடுத்தால் கடன் தருபவரின் காப்பீடு வெறும் 100 டாலர். கணக்குக்காக, வாங்குபவரின் காப்பீடு 2,800 டாலர் என்றும், கடன் தருபவருடையதைத் தனியாக எடுத்தால் 2,500 என்றும் வைத்துக்கொள்வோம். உண்மையில் கட்டுவது 2,800-ம் 100-ம், ஆக 2,900. ஆனால் க்ளோசிங் டிஸ்க்ளோஷரில் கடன் தருபவரின் காப்பீடு 2,500, வாங்குபவருடையது 400 என்று வரும்! கூட்டினால் அதே 2,900. விதி அப்படித்தான் காட்டச் சொல்கிறது. வாங்குபவரின் காப்பீடு கட்டாயமில்லை என்பதால், அதை எடுப்பதால் உங்களுக்குக் கூடுதலாக ஆகும் செலவு எவ்வளவு என்பதை மட்டும் காட்ட வேண்டும் என்பது அதன் வாதம். வாதம் தவறில்லை. ஆனால் யாருக்கும் யாரும் கொடுக்காத ஒரு தொகையைத் தாளில் அச்சிட்டு, அதைப் பார்த்துப் புரிந்துகொள் என்று முதல் வீடு வாங்குபவரிடம் சொல்வது சரியாக எனக்குப் படவில்லை.

டெக்சாஸில் வாங்குபவரின் காப்பீட்டை விற்பவர் கட்டுவது வழக்கம் என்பதால் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுகிறது. விற்பவர் கொடுக்க வேண்டியது 2,800. தாளில் அந்த வரிக்கு எதிரே 400-தான் இருக்கிறது. மீதி 2,400-ஐ மூன்றாம் பக்கத்தில் விற்பவர் தரும் வரவாக வேறு ஒரு வரியில் ஏற்ற வேண்டும். மென்பொருள் இதைத் தானாகச் செய்கிறது. கையால் செய்தால் தினமும் தவறு நடக்கும். இதைத் தெளிவுபடுத்த டெக்சாஸ் டி-64 என்று தனியாக ஒரு தாளே வைத்திருக்கிறது. அதில் உண்மையான பிரீமியம் இருக்கும். மற்ற மாநிலங்களுக்கும் சேர்த்து, டைட்டில் கம்பெனிகளின் சங்கமான ஆல்டா 2015-ல் தன் பெயரில் ஒரு கணக்குத் தாள் மாதிரியை வெளியிட்டது. யார் கையிலிருந்து யார் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை நேராகச் சொல்லும் தாள் அதுதான். பழைய ஹட்-1 செய்த வேலையை இப்போது அது செய்கிறது. நண்பர்களிடம் நான் முதலில் சொல்வது, "ஆல்டா ஸ்டேட்மென்ட்டையும் கேட்டு வாங்கு" என்பதுதான். கேட்டால் தருவார்கள், அதே மென்பொருளில் ஒரு சொடுக்கில் வந்துவிடும்.

ஏனென்றால் படிவம் என்பது முகம் மட்டும்தான். உள்ளே ஓடுவது ஒரு பேரேடு. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஃபைல், ஒவ்வொரு ஃபைலுக்கும் தனிக் கணக்கு. கடன் தருபவரிடமிருந்து ஒயரில் (வங்கியிலிருந்து வங்கிக்கு நேரே அனுப்புவது) வந்தது, வாங்குபவர் கொண்டுவந்தது, முன்பணம் எல்லாம் ஒரு பக்கம். பழைய கடனுக்கு, கவுண்டிக்கு, தரகர்களுக்கு, சர்வேயருக்கு, விற்பவருக்குப் போவது இன்னொரு பக்கம். கடைசி சென்ட் வரை இரண்டும் சமமாகி, மீதி பூச்சியம் என்று காட்டினால்தான் பணம் வெளியே போக வேண்டும். வந்த பணம் உண்மையில் வங்கியில் சேர்ந்துவிட்டதா என்பது அதற்கு முந்தின கேள்வி. மாதக் கடைசியில் வங்கி இருப்பு, புத்தக இருப்பு, எல்லா ஃபைல்களின் மீதிகளையும் கூட்டி வரும் தொகை ஆகிய மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆல்டாவின் நல்நடைமுறைப் பட்டியலில் இதற்கு முக்கிய இடம் உண்டு. ஒருவருடைய பணத்தை எடுத்து இன்னொருவருடைய ஃபைலில் ஓட்டையை அடைத்தால், முதலில் அம்பலமாவது இங்கேதான்.

மென்பொருள் கூட்டலில் தவறு செய்யாது. எதைக் கூட்டச் சொன்னோம் என்பதுதான் விஷயம். ஃபைல் திறக்கும்போது லாட் (மனை எண்) 12 என்பதை லாட் 21 என்று ஒருவர் தட்டிவிட்டால், டைட்டில் கமிட்மென்ட் (காப்பீடு தர ஒப்புக்கொள்ளும் தாள்), பாலிசி, உறுதிமொழிப் பத்திரங்கள் எல்லாவற்றிலும் அதே 21 அச்சுப் பிசகாமல் வரும். முன்பெல்லாம் ஐந்து தாளையும் தனித்தனியாகத் தட்டியதால் ஒன்றில் 12 என்றும் இன்னொன்றில் 21 என்றும் இருக்கும், பார்த்ததும் யாராவது கண்டுபிடிப்பார்கள். இப்போது எல்லாமே ஒன்றுக்கொன்று பொருந்திப் போவதால் தவறு கண்ணில் படுவதில்லை. நான் வீடு வாங்கியபோது குடியிருப்போர் சங்கத்துக்கான கைமாற்றுக் கட்டணம் இரண்டு வேறு பெயர்களில் எச் பிரிவில் இரண்டு முறை ஏறியிருந்தது. பெயர் வேறு, தொகை ஒன்று. கணினிக்கு அவை இரண்டு கட்டணங்கள். என் மனைவிதான் பார்த்துவிட்டு, "இது ரெண்டும் ஒன்னு இல்லையா?" என்று கேட்டார். தொலைபேசியில் கேட்டதும் ஒன்றை எடுத்துவிட்டார்கள். 225 டாலர். மூன்று நாள் முன்னால் அந்தத் தாள் வராமல் இருந்திருந்தால் எங்களுக்கு அது தெரிந்தே இருக்காது.

அந்த மூன்று நாளை எப்படி எண்ணுவது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. இதில் சனிக்கிழமையும் வேலை நாள். ஞாயிறும் மத்திய அரசு விடுமுறைகளும் மட்டும் கழியும். வியாழக்கிழமை க்ளோசிங் என்றால் திங்களுக்குள் தாள் உங்களிடம் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு மாற்றம் வந்தால் எல்லாவற்றுக்கும் மறுபடி மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை. ஏ.பி.ஆர். விகிதம், அதாவது வட்டியோடு கடன் கட்டணங்களையும் சேர்த்துச் சொல்லும் வருட விகிதம், வரம்பைத் தாண்டி மாறினால் (வழக்கமான நிலைவட்டிக் கடனுக்கு அந்த வரம்பு 0.125 புள்ளி), கடன் வகையே மாறினால், முன்கூட்டி அடைத்தால் அபராதம் என்று புதிதாகச் சேர்த்தால், இந்த மூன்றுக்கு மட்டும்தான் கடிகாரம் மறுபடி தொடங்கும். மென்பொருள் இந்த மூன்றையும் கவனித்து எச்சரிக்கும். மற்ற மாற்றங்களுக்கு, புதிய தாள் க்ளோசிங் மேசையிலேயே உங்கள் கைக்கு வரலாம். மூன்றாம் பக்கத்தில் எஸ்டிமேட்டையும் இறுதித் தொகையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'மாறியதா' என்று கேட்டு ஆம், இல்லை என்று அச்சிட்ட அட்டவணை ஒன்று இருக்கிறது. மேசையில் நேரம் இல்லாவிட்டால் அதை மட்டுமாவது பார்க்க வேண்டும்.

எல்லாமே மென்பொருளில் இருப்பதால் வரும் ஆபத்தும் பெரியது. 2021 ஜூலையில் கிளவுட்ஸ்டார் என்ற கம்பெனியை மிரட்டிப் பணம் பறிக்கும் நச்சுநிரல் தாக்கியது. பல டைட்டில் கம்பெனிகள் தங்கள் மென்பொருளையும் ஃபைல்களையும் அவர்களுடைய சர்வரில்தான் வைத்திருந்தன. வீடு, ஆள், பணம் எல்லாம் தயார். ஃபைலைத் திறக்க மட்டும் வழியில்லை. 2023 நவம்பரில் நாட்டின் மிகப் பெரிய டைட்டில் காப்பீட்டுக் குழுமமான ஃபிடெலிட்டி நேஷனல் பைனான்ஷியல் தாக்கப்பட்டு, சில நாட்கள் க்ளோசிங்குகள் நின்றன. அடுத்த மாதமே இன்னொரு பெரிய நிறுவனமான ஃபர்ஸ்ட் அமெரிக்கனும் தாக்குதலுக்கு ஆளானது. லாரியில் சாமான் ஏற்றிவிட்டு, வாடகை வீட்டுச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு நிற்பவருக்கு இந்த மாதிரி ஒரு வாரம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னும் கொடுமை, ஒயர் மோசடி. தரகருடைய அல்லது டைட்டில் கம்பெனியுடைய மின்னஞ்சலுக்குள் புகுந்தவர்கள் க்ளோசிங் தேதி, தொகை, ஃபைல் எண் எல்லாம் தெரிந்துகொண்டு, அதே எழுத்துரு, அதே கையொப்பத்தோடு "வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இதற்கு அனுப்புங்கள்" என்று எழுதுவார்கள். படிவத்தில் இருக்கும் தொகை சென்ட் பிசகாமல் அதிலும் இருக்கும் என்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. அனுப்பிய பணம் ஓரிரு நாளில் கண்ணுக்கெட்டாத இடத்துக்குப் போய்விடும். அதனால்தான் புதிய மென்பொருள்கள் ஒயர் விவரத்தை மின்னஞ்சலில் அனுப்பாமல், உள்நுழைந்து பார்க்கும் பக்கத்தில் மட்டும் காட்டுகின்றன. அப்படிக் காட்டினாலும், ஃபைல் திறந்த முதல் நாளில் நீங்களே குறித்து வைத்த எண்ணுக்குப் போன் செய்து, கணக்கு எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அவர்களைச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் வங்கிக்குப் போக வேண்டும். மின்னஞ்சலில் வந்த எண்ணுக்குப் போன் செய்யவே கூடாது.

புது வீடு வாங்குபவர்கள் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டும். ஃப்ரிஸ்கோ, ப்ராஸ்பர் பக்கம் நம்மவர்கள் பலர் வாங்குவது புதிதாகக் கட்டியதைத்தான். பில்டர் கட்டி முடித்த வருடத்தில் கவுண்டியின் பதிவில் அந்த இடம் பெரும்பாலும் வெறும் மனையாகவோ பாதி கட்டிய வீடாகவோ இருக்கும். மென்பொருளில் வரித்தொகையை அந்தப் பதிவிலிருந்து எடுத்துப் போட்டால், ஜி பிரிவில் எஸ்க்ரோவுக்கு ஒதுக்கும் தொகை குறைவாக வரும், மாதத் தவணையும் பார்ப்பதற்குக் குறைவாக இருக்கும். அடுத்த வருடம் முழு வீட்டுக்கும் வரி வந்ததும் எஸ்க்ரோவில் பள்ளம் விழும். பள்ளத்தையும் நிரப்பி, கூடிய வரியையும் சேர்த்து மாதத் தவணையை ஏற்றி ஒரு கடிதம் வரும். "முழு வீட்டு மதிப்புக்கு வரி போட்டிருக்கிறீர்களா, மனைக்கு மட்டுமா?" என்ற இந்த ஒரு கேள்வியைத் திங்கட்கிழமை தாள் வந்ததுமே லோன் ஆபீசரிடம் கேட்டுவிடுங்கள். வியாழனுக்குள் அவர்களால் அந்தப் பெட்டியில் எண்ணை மாற்ற முடியும்.